பீலிக்கரைக்குக் கேட்காத பம்பு

பங்களாவின் நீச்சல் குளத்துக்குப் புதிய பம்பு ஒன்றைத் தெரிவுசெய்து தரும்படி உரிமையாளர் என்னிடம் சொன்னபோது நான் உள்ளூர மகிழ்ந்தேன். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. பம்பறைக்கு நேர்கீழே, தேயிலைச் சரிவின் அடியில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசி அறை, கடைசிக் காம்பரா, இருந்தது. அதில் என் அம்மா படுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு அதிகம் இல்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். வலி அவரை விடியும்வரை விழித்திருக்கச் செய்யும். விடியலில் மருந்து வேலை செய்யத் தொடங்கிக் கண் சொருகும் நேரத்தில், சரியாக ஆறு மணிக்கு, மேலே பழைய பம்பு ஊளையிடத் தொடங்கும். ஒரே வேகம்தான் அதற்குத் தெரியும். பிற்பகல் இரண்டு மணிவரை தகரக் கூரை அதிர்ந்துகொண்டிருக்கும். அம்மா கண்ணைத் திறந்து கூரையைப் பார்ப்பார்.

"பெரட்டுக்குக் கூப்பிடுறாங்க தம்பி. எனக்குத்தான் பேரு இல்லையே, அப்புறம் ஏன் கூப்பிடுறாங்க?"

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகப் போய் நின்று நாட்கூலிக்குப் பெயர் பதிந்தவர் அவர். இப்படிச் சொல்லிச் சிரித்துவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்வார். அவருக்குத் தூக்கம் வேண்டும். எஞ்சியிருக்கும் நாட்களில் காலை நேரமாவது தூங்க வேண்டும். அந்தப் பம்பின் விடயத்தில் எனக்கிருந்த முதல் நோக்கம் அதுதான் என்பதை இப்போது மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துவிட்டு, நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில் பங்களாவில் கடிதங்களையும் கொள்வனவுகளையும் பார்த்துக்கொண்டேன். பங்களா ஒரு காலத்தில் தோட்டத் துரைக்கு உரியது. பிறகு கொழும்பில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் அதை வாங்கி, மனைவியோடு வந்து குடியிருந்தார். கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தெரியும் பக்கத்தில், புற்றரை இருந்த இடத்தில், பேரப்பிள்ளைகளுக்காகக் குளம் கட்டினார். நல்ல மனிதர். விறாந்தையில் உட்கார்ந்து பேச முடியவில்லை என்று அவருடைய மனைவி சொல்லியிருக்கிறார். மின்கட்டணமும் அவரை உறுத்தியது.

நான் ஒரு தாளை எடுத்து நன்மை, தீமை என்று இரண்டாகப் பிரித்தேன். எதையும் அப்படிப் பிரித்துப் பார்க்காமல் செய்வது பொறுப்பில்லாத காரியம் என்ற எண்ணம் எனக்கு உண்டு. குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது ஒரு நாளில் ஒரு முறையாவது வடிகட்டியின் வழியாகப் போய்வர எந்த வேகம் போதும், குழாயின் விட்டம் எவ்வளவு, வடிகட்டி எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்றெல்லாம் அளந்தேன். வேகம் மாற்றக்கூடிய பம்பின் சிறப்பு எளிமையானது. வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீரின் ஓட்டம் பாதியாகும். தேவைப்படும் மின்சாரமோ எட்டில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கிவிடும். ஆகவே மெதுவாக, நீண்ட நேரம் ஓடவிடுவதே சிக்கனம். மெதுவாக ஓடும்போது சத்தமும் அடங்கிவிடும்.

மின்சாரத்தைப் பற்றி நான் அப்போது நிறையவே யோசித்தேன். எங்கள் மலையின் ஓடைகள் நீர்த்தேக்கத்தில் விழுந்து, சுரங்கத்தில் இறங்கி, சக்கரங்களைச் சுழற்றி, பிறகு கம்பி வழியாக மேலேறி வந்து ஒரு குடும்பத்தின் குளத்தைக் கலக்குகின்றன. மின்வெட்டுக் காலத்தில் லயத்துப் பிள்ளைகள் மெழுகுதிரி இல்லாமல் பரீட்சைக்குப் படித்ததை நான் பார்த்திருந்தேன். ஒரு பம்பு குறைவாகத் தின்றால் அது பொதுநன்மை என்றே எழுதினேன். சத்தத்தைத் தீமைப் பக்கத்தில் போட்டேன். அதில் எனக்குச் சிறிதளவு சந்தேகமும் இருக்கவில்லை.

தலவாக்கலையில் இரும்புக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் 'நானா' என்று அழைப்பவர், நான் கொண்டுபோன தாளை மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"வேகம் மாத்துற பம்பு எடுத்துத் தரலாம் மகன். கொழும்புல இருந்து வரணும். ஆனா ஒண்ணு, சத்தமில்லாத சாமான வித்தா எனக்குத்தான் தொல்ல."

"ஏன் நானா?"

"ஓடுதா இல்லையான்னு ஆளுக்குத் தெரியாது. நாலு நாளைக்கொருக்கா வந்து என்ட கழுத்தப் பிடிப்பாங்க. பழைய பம்பு கத்தினா உசிரோட இருக்குன்னு அர்த்தம்."

நான் சிரித்தேன். மலையில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் காப்புக் கருவி ஒன்று சேர்த்து வாங்க வேண்டும் என்று சொன்னார். உதிரிப்பாகம் கண்டியிலாவது கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டேன். அட்டைப்பெட்டியில் எழுதியிருந்த ஒலி அளவை மூன்று பம்புகளுக்கும் ஒப்பிட்டு, ஆகக் குறைந்ததையே எடுத்தேன். அதுவும் போதாதென்று பம்பின் அடியில் போட ரப்பர் விரிப்பும், பம்பறைக் கதவுக்கு ஒட்டும் பட்டையும் வாங்கினேன். உரிமையாளரின் மனைவி என் அக்கறையைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை நான் ஏற்றுக்கொண்டேன்.

குளத்தைப் பார்த்துக்கொள்பவர் என் தாய்மாமன். புதிய பம்பைப் பொருத்திய காலையில் அவர் அதன் மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"மாப்ள, இது செத்துப்போச்சா?"

"ஓடுது மாமா. தண்ணியைப் பாருங்க."

"பல்லு இல்லாத கெழவன் சோறு திங்கிற மாதிரில்ல ஓடுது."

நான் கீழே ஓடினேன். காலை ஏழு மணி. காம்பராவில் அம்மா ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் இலேசாகத் திறந்திருந்தது. மழை விட்ட பிறகு கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரின் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது. அன்று அவர் பத்து மணிக்கு எழுந்து, "காது இப்பத்தான் எனக்குச் சொந்தமா இருக்கு" என்றார். என் படிப்பால் அவருக்குக் கிடைத்த ஒரே பயன் அதுவாக இருக்கலாம் என்று நினைத்தேன். இன்றும் நினைக்கிறேன். அதை என்னால் கைவிட முடியவில்லை.

இனி நான் கவனிக்காமல் விட்டதைச் சொல்ல வேண்டும்.

மலையின் மேலே ஓர் ஊற்று இருக்கிறது. அதன் தண்ணீர் வெள்ளைக்காரன் காலத்துக் கல்தொட்டி ஒன்றில் சேர்கிறது. தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்குகின்றன. பங்களாவுக்குப் போகும் குழாய் தொட்டியின் அடியில் பொருத்தப்பட்டிருக்கிறது. லயத்துக்குப் போகும் குழாய் அதற்கு இரண்டு முழம் மேலே. தொட்டி நிறைந்திருக்கும்வரை இருவருக்கும் தண்ணீர் உண்டு. பங்களாவில் அதிகம் இழுத்தால் மட்டம் இறங்கும். எங்கள் பீலி வற்றிவிடும். பீலி என்பது லயத்துக்கு எல்லாம்: குடிக்க, குளிக்க, துவைக்க மலைத்தண்ணீர் விழும் ஒரே வாய். யார் எப்போது அந்தக் குழாய்களை அப்படி வைத்தார்களோ தெரியாது. அதை யாரும் கேள்வி கேட்டதாகவும் எனக்கு நினைவில்லை.

குளத்து வடிகட்டியின் மணலை வாரம் ஒரு முறையாவது கழுவ வேண்டும். தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டு, அழுக்கை வடிகாலான கானில் தள்ளிவிட்டு, குளத்தில் குறைந்துபோனதை ஊற்றுத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். நிரப்பத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பீலி நின்றுவிடும். மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு வராது. பழைய பம்பு மணல் கழுவும்போது அதன் ஊளை மாறும், தொண்டை கட்டியவன் கத்துவதுபோல. அந்தக் குரல் மாறியதும் லயத்தில் இருக்கும் பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்கு ஓடுவார்கள். கொழுந்து மலையில் இருப்பவர்களுக்கும் அது கேட்கும். வீட்டில் இருக்கும் பிள்ளைகளை நோக்கி அங்கிருந்தே குரல் கொடுப்பார்கள். நானும் சிறுவயதில் அப்படி ஓடியிருக்கிறேன். ஓடியவனே அதைத் தாளில் எழுத மறந்தான். சத்தம் என்றால் எனக்கு அம்மாவின் காது மட்டுமே நினைவுக்கு வந்தது.

எச்சரிக்கை வராமலும் இல்லை. பம்பு மாற்றிய வாரத்தில், பக்கத்துக் காம்பரா அக்கா பீலிக்கரையில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பங்களா பம்புக்கும் வாய அடைச்சிட்டீங்களாமே தம்பி. இனி தண்ணி எப்ப நிக்கும்னு நாங்க குறிகாரன்கிட்டத்தான் கேக்கணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எந்தக் குழப்பமும் நேராததற்குக் காரணம் மாமா. மணல் கழுவும் முன் அவர் சரிவின் விளிம்புக்கு வந்து நின்று, "தண்ணி நிக்கப் போவுது, பிடிச்சுக்கங்க" என்று இரண்டு தடவை கத்துவார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. முன்பு இயந்திரம் எல்லோருக்கும் சொன்னதை இப்போது ஒரு மனிதர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை ஓர் ஏற்பாடாகவே கருதவில்லை. மாமாவின் வழக்கமான சத்தம் என்று நினைத்தேன்.

அம்மா அந்த அமைதியில் நான்கு மாதங்கள் இருந்தார். ஒரு மாலை, கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் திரும்பிக்கொண்டிருந்த வேளையில், மாமா அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது. மாமா சற்று நேரம் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பிற்பகல் எடுப்பதாக முடிவானது. அட்டனிலும் நுவரெலியாவிலும் இருந்து சொந்தக்காரர்கள் வர வேண்டியிருந்தது. மாமா தன் அக்காவின் தலைமாட்டை விட்டு அசையவில்லை. பேரப்பிள்ளைகள் அன்று வருவதாக இருந்ததால் பங்களாவில் குளம் தயாராக வேண்டும். அங்கே சாரதியாக இருந்தவர் குருநாகல் பக்கத்துச் சிங்களவர், புதிதாக வந்தவர். மரண வீட்டில் இருக்கும் மாமாவைக் கூப்பிடக் கூடாது என்று அவரே முன்வந்து வடிகட்டியைக் கழுவியிருக்கிறார். எப்படிக் கழுவுவது என்று நான் சிங்களத்தில் எழுதிப் பம்பறைச் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து ஒவ்வொரு படியையும் ஒழுங்காகச் செய்திருக்கிறார். பம்பை நிறுத்து. பிடியைத் திருப்பு. ஓடவிடு. கண்ணாடியில் தண்ணீர் தெளிந்ததும் நிறுத்து. குளத்துச் சுவரின் நீல ஓடு மறையும்வரை ஊற்றுக் குழாயைத் திறந்துவை. லயத்துக்குச் சொல் என்று அந்தத் தாளில் இல்லை. அதை எழுதியவன் நான்.

பிற்பகலில் நீர்மாலைக்குப் புறப்பட்டோம். இறந்தவரைக் குளிப்பாட்ட, பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் தப்புப் பறை முழங்கப் போய் ஓடும் தண்ணீரை எடுத்து வருவது எங்கள் வழக்கம். தலைக்கு மேல் வெள்ளை வேட்டியை நான்கு பேர் பிடித்துவந்தார்கள். நான் புதுக் குடத்தைத் தோளில் வைத்திருந்தேன். மாமா என் பக்கத்தில் நடந்தார். காலையிலேயே பெண்கள் தேவையான தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருந்ததால், அதற்குப் பிறகு யாரும் பீலிக்கரைக்குப் போகவில்லை.

பீலியில் தண்ணீர் இல்லை.

குழாயின் வாயில் ஒரு துளி திரண்டு நின்றது. விழவில்லை. தப்படித்தவர்கள் முதலில் கவனிக்காமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கை தளர்ந்தது.

"பம்புச் சத்தமே கேக்கலியே" என்றார் வேட்டியின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர்.

மாமா மேலே பங்களாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நான்தான் இங்க இருக்கேனே மாப்ள, அங்க யாரு தொறந்தது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், சட்டையில்லாத மேனியோடு தேயிலைக்குள் புகுந்து மேலே ஏறத் தொடங்கினார்.

வீட்டில் குடம் நிறைய இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று பக்கத்துக் காம்பரா அக்கா ஆள் அனுப்பினார். பிடித்துவைத்த தண்ணீர் ஆகாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பங்களாக் குளத்தில் கொள்ளாத தண்ணீர் கிடக்கிறதே என்று ஓர் இளைஞன் சொன்னான். "அது மருந்துத் தண்ணி. பொணத்துக்கும் கண்ணு எரியும்" என்றார் தப்படிப்பவர்களில் மூத்தவர். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் குடத்தோடு நின்றேன். இறக்கி வைக்கலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மூத்தவர் என்னருகில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"மனச விடாதீங்க தம்பி. ஒங்கம்மா தண்ணிக்கு வரிசையில நின்னே பழகினவ. இன்னிக்கும் நிக்கிறா, அவ்வளவுதான்."

ஆறுதலாகத்தான் சொன்னார். அதைவிடக் கடினமான ஒரு வாக்கியத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை. குளிப்பாட்டுவதற்காக வாசலில் மரப்பலகையில் கிடத்தியிருந்த அம்மாவை, மேலே கட்டியிருந்த தறப்பாள் விரிப்பில் மழைத்தூறல் விழும் சத்தத்தோடு, பெண்கள் சுற்றி உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார்கள். மேலே நீலக் குளம் நிறைந்துகொண்டிருந்தது. பம்பும் மெதுவாக, மிகக் குறைந்த மின்சாரத்தில், நான் தேர்ந்தெடுத்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். அதன் சத்தம் எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

மாமா குழாயை மூடியும் தொட்டி நிறைய நேரம் பிடித்தது. தப்பை மறுபடி தொடங்கினார்கள், நிறுத்தினார்கள், தோலைக் காய்ச்சிக்கொண்டு மறுபடி தொடங்கினார்கள். மலையில் வெளிச்சம் மங்கத் தொடங்கிய பிறகுதான் பீலி இருமியது. முதலில் காற்று, பிறகு துருவேறிய சிவந்த நீர், பிறகு தெளிந்த நீர். மாமா மூச்சிரைக்க வந்து சேர்ந்து, குடத்தின் அடியைத் தன் கையாலும் தாங்கிக்கொண்டார். இருவரும் பிடித்தோம்.

சாரதி மயானம்வரை வந்தார். என்ன நேர்ந்தது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, தாளில் இருந்தபடிதான் செய்தேன் தம்பி என்று சிங்களத்தில் இரண்டு முறை சொன்னார். ஆம், தாளில் இருந்தபடிதான் செய்தீர்கள் என்று நானும் சொன்னேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு உரிமையாளரிடம் போய்த் தொட்டியின் குழாய்களைப் பற்றிப் பேசினேன். இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தால் போதும், அல்லது லயத்துக் குழாயைக் கீழேயும் பங்களாக் குழாயை மேலேயும் மாற்றலாம் என்று படம் வரைந்து காட்டினேன். அவர் உண்மையாகவே வருந்தினார். அம்மாவைப் பற்றி விசாரித்தார். குழாய் விடயத்தைத் தோட்ட நிர்வாகத்தோடு பேச வேண்டும், பார்ப்போம் என்றார். அந்தப் 'பார்ப்போம்' இதை எழுதும்வரை பார்ப்போமாகவே இருக்கிறது. நான் மாதம் ஒரு முறை கேட்கிறேன்.

என் கைக்கு எட்டியதை அன்றே செய்தேன். பம்பறைச் சுவரில் இருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் படி: கதவைத் திறந்துவைத்து, பம்பை ஆகக் கூடிய வேகத்தில் கால் மணித்தியாலம் ஓடவிட வேண்டும். அதன் பிறகே கழுவ வேண்டும். ரப்பர் விரிப்பை நானே உருவி எடுத்தேன். விரிப்பில்லாத சிமெந்தில், முழு வேகத்தில், அந்த அமைதியான பம்பும் ஓரளவுக்குக் கத்தத்தான் செய்கிறது. விறாந்தைக்குக் கேட்கும் என்பதை உரிமையாளரின் மனைவியிடம் முன்கூட்டியே சொன்னேன். வாரத்தில் கால் மணித்தியாலம்தானே என்றார். இது நியாயம் ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும். ஒருவரின் தண்ணீரை எடுப்பதற்கு முன் சத்தம் போட்டுவிட்டு எடுப்பது மட்டுமே இது. சத்தமில்லாமல் எடுப்பதைவிட அது மேல் என்பதற்கு மேல் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

முதல் முறை மாமா முழு வேகத்தில் பம்பைப் போட்டபோது நான் வேண்டுமென்றே கீழே, காம்பராவில், அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் நின்றிருந்தேன். அங்கே கேட்கிறதா என்று தெரிய வேண்டும். கேட்டது. கூரை இலேசாக நடுங்கியது. அடுத்த கணம் லயம் நெடுகக் கதவுகள் திறந்தன, குடங்கள் மோதிக்கொண்டன, யாரோ யாரையோ ஏசினார்கள். என் கைகள் எழுந்து கட்டில் இருந்த வெறுமையை நோக்கிப் போயின, அவருடைய காதைப் பொத்துவதற்கு.

பிறகு மூலையில் இருந்த குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போனேன். பக்கத்துக் காம்பரா அக்கா திரும்பிப் பார்த்தார்.

"வரிசை அங்கிட்டிருந்து தம்பி."

நான் போய்க் கடைசியில் நின்றேன்.